வளர்க்கவும் இல்லை, வாங்கவும் இல்லை: பால்டிமோர் ரசிகர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது?

2024 அக்டோபர் 1. பால்டிமோர் நகரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானம். ஓரியோல்ஸ் பேஸ்பால் அணிக்காகப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், கார்பின் பர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸ் முழுவதும் பந்து வீசினார். எதிரே கான்சஸ் சிட்டி ராயல்ஸ். ஆறாவது இன்னிங்சில் பாபி விட் ஜூனியர் அடித்த அடியில் ஒரே ஒரு ரன் போனது. அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை. ஒன்பதாவது இன்னிங்சில் பர்ன்ஸ் களத்தைவிட்டு நடந்தபோது தன் வேலையை முழுதாகச் செய்து முடித்திருந்தார். சக வீரர்களோ ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஆட்டம் 1-0 என்று போனது. மறுநாள் 2-1 என்ற தோல்வியோடு பருவமே முடிந்தது.

ஓரியோல்ஸ் சட்டையில் பர்ன்ஸ் வீசிய கடைசி ஆட்டம் அதுதான். அந்த டிசம்பரில் அவர் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியோடு ஆறு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அவரது இடத்தில் யார் வருவார் என்று பால்டிமோர் ரசிகர்கள் காத்திருந்தார்கள். வந்தவர்கள் இவர்கள்: 41 வயது சார்லி மார்ட்டன், ஓராண்டு, 1.5 கோடி டாலர். ஜப்பானின் யோமியுரி ஜயன்ட்ஸ் அணியிலிருந்து 35 வயது டொமொயுகி சுகானோ, ஓராண்டு, 1.3 கோடி டாலர். மார்ச் மாதம் பயிற்சி முகாம் முடியும் தறுவாயில் 37 வயது கைல் கிப்சன், அவரும் ஓராண்டு, 52.5 லட்சம் டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அதுதான் நடந்தது.

பெரிய பிட்சர் யாரையும் வாங்காத அந்தக் குளிர்காலத்தின் கோபம் இன்றுவரை ஆறவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பணக்கார அணி ஒன்றின் ரசிகர்கள் இன்னும் கொஞ்சம் செலவு செய்யச் சொல்லி அடம்பிடிப்பதாகத் தோன்றலாம். என் பார்வையில் அப்படி இல்லை. இந்தக் கோபத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு சரியானது.

முதலில் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேஸ்பாலில் ஐபிஎல் போன்ற ஏலம் கிடையாது. எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை என்ற விதியும் கிடையாது. முதல்நிலைப் போட்டியான மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்து, கையில் ஒப்பந்தம் இல்லாத வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். விரும்பிய அணியோடு விரும்பிய விலை பேசலாம். மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் வரி உண்டு, 2025-ல் அந்த எல்லை 24.1 கோடி டாலர். தரைவரம்பும் இல்லை. அதாவது, குறைவாகச் செலவு செய்யும் உரிமையாளரை எந்த விதியும் தடுக்காது. அவரைக் கேள்வி கேட்க ரசிகரைத் தவிர வேறு ஆளில்லை.

இந்த உரிமை பிறந்த கதையிலேயே பால்டிமோருக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1975 வரை ஒரு வீரரை அவரது அணி காலமெல்லாம் கட்டிவைக்க முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தொழில் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்புதான் அந்தக் கட்டை அவிழ்த்தது. வழக்கில் இருந்தவர்கள் இரண்டு பிட்சர்கள்: ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி. மெக்நாலி தன் ஆட்ட வாழ்க்கையில் கடைசி ஆண்டு தவிர மற்றெல்லாம் ஓரியோல்ஸில் கழித்தவர். 1971-ல் ஒரே பருவத்தில் தம் கணக்கில் 20 அல்லது அதற்கு மேல் ஆட்ட வெற்றிகளைச் சேர்த்த நான்கு ஓரியோல்ஸ் பிட்சர்களில் ஒருவர். அந்தப் பருவத்தில் அவருக்கு 21 வெற்றிகள். ஜிம் பாமர், மைக் குயெயர், பாட் டாப்சன் மற்ற மூவர். நல்ல பிட்சர் என்றால் எப்படி இருப்பார் என்பதை அந்த நகரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாத்தா காலத்திலிருந்து பார்த்த கண்கள் அவை.

நல்ல பிட்சர் கைவிட்டுப் போவதும் அவர்களுக்குப் புதிதல்ல. 2000 டிசம்பரில் மைக் முசினா நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். ஆறு ஆண்டுகள், 8.85 கோடி டாலர். ஓரியோல்ஸ் தானே தேர்ந்தெடுத்து, தானே வளர்த்து, பத்து ஆண்டுகள் ஆடவைத்த வீரர், அதே பிரிவில் இருக்கும் பரம எதிரியின் கோடுபோட்ட சட்டையில் வந்து நின்றார். பிறகு புகழ்மாளிகைக்கும் போனார். கால் நூற்றாண்டு கழித்தும் அந்தப் பெயரைச் சொன்னால் பால்டிமோரில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஆனால் இன்றைய கோபத்தின் வேர் 2018-ல் இருக்கிறது. அந்தப் பருவத்தில் ஓரியோல்ஸ் 115 ஆட்டங்களில் தோற்றது. நவம்பரில் ஹூஸ்டன் அணியிலிருந்து மைக் எலியாஸ் பொது மேலாளராக வந்தார். அவர் கொண்டுவந்த வழி ஹூஸ்டனில் சோதித்துப் பார்த்த வழி: விலை உயர்ந்த வீரர்களை விடுவது, சில ஆண்டுகள் தோற்பது, தோற்ற அணிக்கு முதலில் கிடைக்கும் புதுமுகத் தேர்வுகளை வைத்து அணியை அடியிலிருந்து கட்டுவது. 2019-ல் 108 தோல்விகள். 2021-ல் 110. கோடை இரவுகளில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த பச்சை இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஐந்தாவது இன்னிங்சிலேயே முடிந்துபோன ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: பொறுத்திருங்கள், அணி தயாரானதும் செலவு செய்வோம்.

தேர்வுகள் அருமையாகவே பலித்தன, அதை மறைக்கக் கூடாது. 2019-ல் முதல் தேர்வாக ஆட்லி ரட்ச்மன், அதே ஆண்டு இரண்டாம் சுற்றில் கன்னர் ஹெண்டர்சன், 2022-ல் மறுபடி முதல் தேர்வாக ஜாக்சன் ஹாலிடே. 2023-ல் அணி 101 ஆட்டங்களை வென்றது.

ஆனால் அந்தத் தேர்வுப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 2019 தொடங்கி 2024 வரை ஆண்டுதோறும் எலியாஸ் எடுத்த முதல் வீரர்: ரட்ச்மன், கெர்ஸ்டாட், கௌசர், ஹாலிடே, பிராட்ஃபீல்ட், ஹனிகட். ஆறு பேர். ஒருவர்கூடப் பிட்சர் இல்லை. இது தற்செயல் அல்ல, கொள்கை. இளம் பிட்சரின் கை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மட்டையாளர் அதைவிட நம்பகமான முதலீடு. ஆகவே அரிய தேர்வுகளை மட்டையாளருக்கே செலவிட வேண்டும் என்பது அந்தக் கொள்கை. நியாயமான கொள்கைதான். ஆனால் அதற்கு ஓர் இரண்டாம் பாதி உண்டு. பிட்சரை விதைக்கவில்லை என்றால் சந்தைக்குப் போய் வாங்கியாக வேண்டும். சேமித்த பணமும் தேர்வுகளும் அதற்காகத்தானே? பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்கிவைக்க ஒரு பிட்சர் வேண்டும். ஐந்து பேர் முறைவைத்து 162 ஆட்டங்களைச் சுமக்கிறார்கள். மட்டையாளர்கள் எவ்வளவு பேர் குவிந்தாலும் அந்த ஐந்து நாற்காலிகளில் ஒன்றையும் அவர்களால் நிரப்ப முடியாது.

அந்த இரண்டாம் பாதிதான் நடக்கவே இல்லை. 2024 டிசம்பரில் வெளிக்கள வீரர் டைலர் ஓ'நீலுக்கு மூன்று ஆண்டுகள், 4.95 கோடி டாலர் கொடுக்கும்வரை, எலியாஸ் காலத்தில் வெளியிலிருந்து வந்த எந்த ஃப்ரீ ஏஜென்டுக்கும் ஓராண்டுக்கு மேல் உறுதியளிக்கப்படவில்லை. அந்த முதல் பல்லாண்டு ஒப்பந்தமும் பிட்சருக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

வாங்காததன் விலை 2023 அக்டோபரிலேயே தெரிந்தது. 101 வெற்றிகளோடு வந்த ஓரியோல்ஸை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றே ஆட்டங்களில் வெளியேற்றியது. அந்த ரேஞ்சர்ஸ் 2021-ல் 102 ஆட்டங்களில் தோற்ற அணி. அவர்களும் அடிமட்டத்தில் கிடந்தார்கள். எழுந்த விதம்தான் வேறு. 2022 டிசம்பரில் ஜேக்கப் டிகிராமுக்கு ஐந்து ஆண்டுகள், 18.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல் அதே மாதம் நேதன் இயோவால்டிக்கு இரண்டு ஆண்டுகள், 3.4 கோடி டாலர் கொடுத்தார்கள். டிகிராம் ஆறு ஆட்டங்கள் வீசியதும் முழங்கை போய்விட்டது. பணம் வீண் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். இயோவால்டியோ அந்த அக்டோபரில் ஐந்து வெற்றிகள், தோல்வியே இல்லை. ஓரியோல்ஸை வெளியேற்றிய மூன்றாவது ஆட்டத்தில் வீசியவரும் அவர்தான். ரேஞ்சர்ஸ் கோப்பையை வென்றது. இந்த ஒரு கதையில் எல்லாமே அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். பிட்சர் உடைவார் என்பது வாங்காமல் இருக்கக் காரணமாகாது. ஒருவருக்கு இருவராக வாங்குவதற்குத்தான் அது காரணம்.

பர்ன்ஸ் விஷயத்தில் அணிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் மில்வாக்கியிடமிருந்து அவரைப் பெற்றது அருமையான பேரம். ஜோயி ஓர்ட்டிஸ், டி.எல். ஹால், ஒரு புதுமுகத் தேர்வு ஆகியவற்றைக் கொடுத்து வாங்கினார்கள். பர்ன்ஸ் 15 வெற்றிகள் பெற்றார், ஒன்பது இன்னிங்சுக்கு 2.92 ரன் சராசரி. பருவம் முடிந்து அவர் அரிசோனாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கேதான் அவரது வீடும் குடும்பமும் இருந்தன என்பது ஒரு காரணம். அதை எந்தப் பொது மேலாளராலும் மாற்ற முடியாது. அதோடு, போகும் வீரருக்கு அணி ஓராண்டு நிலையான ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்து அவர் மறுத்தால், இழப்பீடாகக் கூடுதல் புதுமுகத் தேர்வு கிடைக்கும். ஓரியோல்ஸுக்கும் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் நட்டமில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலச் சந்தையில் பர்ன்ஸ் மட்டுமா இருந்தார்? பிளேக் ஸ்னெல் ஐந்து ஆண்டுகள், 18.2 கோடிக்கு டாட்ஜர்ஸ் போனார். மேக்ஸ் ஃப்ரீட் எட்டு ஆண்டுகள், 21.8 கோடிக்கு யாங்கீஸ் போனார். இயோவால்டி 7.5 கோடிக்கு மூன்று ஆண்டுகள் மறுபடி ரேஞ்சர்ஸிலேயே தங்கினார். ஃப்ரீ ஏஜென்ட் அல்லாத காரெட் குரோஷேயைப் பாஸ்டன் பண்டமாற்றில் பெற்றது. யாங்கீஸும் பாஸ்டனும் ஓரியோல்ஸின் பிரிவிலேயே இருப்பவை. 2025-ல் ஃப்ரீட் 19 ஆட்டங்களையும் குரோஷே 18 ஆட்டங்களையும் வென்றார்கள். நாம் வாங்காத ஆயுதம் கடலில் போய் விழுவதில்லை, பக்கத்து வீட்டு வாசலில் நின்று நம்மை நோக்கித் திரும்புகிறது.

2025-ன் வசந்த காலத்தை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. இளம் நட்சத்திரம் கிரேசன் ரோட்ரிகஸ் மார்ச்சில் கைவலி என்று ஒதுங்கினார். அந்தப் பருவத்தின் ஆட்டங்களில் ஒரு பந்துகூட வீசவில்லை. கைல் பிராடிஷும் டைலர் வெல்ஸும் முந்தைய ஆண்டே முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். தொடக்க நாளில் வீசிய சாக் எஃப்லின் ஏப்ரலிலேயே காயமடைந்தார். ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. குடும்பத்தோடு கேம்டன் யார்ட்ஸ் வந்தவர்கள் முன்னால் சின்சினாட்டி ரெட்ஸ் 24-2 என்று வென்றது. தொடங்கிவைத்தவர் மார்ட்டன், மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்வரைகூட அவரால் நிற்க முடியவில்லை. வீசுவதற்கு ஆளில்லாமல் கடைசியில் மட்டையாளர்களையே பந்து வீச அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து கிப்சன் வந்தார். யாங்கீஸின் முதல் மூன்று மட்டையாளர்களும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். இருக்கைக்கு வர மைதானத்து வாசலில் வரிசையில் நின்றவர்கள் உள்ளே வருவதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. 15-3. கிப்சன் நான்கே ஆட்டங்களோடு விடுவிக்கப்பட்டார். மார்ட்டன் முதல் வெற்றி காண்பதற்குள் ஏழு தோல்விகளைச் சுமந்திருந்தார்.

மே 17 அன்று, 15 வெற்றி 28 தோல்வி என்ற நிலையில், களத்தில் அணியை நடத்தும் மேலாளர் பிராண்டன் ஹைட் நீக்கப்பட்டார். 2023-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த மேலாளராகத் தேர்வானவர். வாங்கிக் கொடுக்காத பிட்சர்களுக்கான தண்டனை, அவர்களை வாங்கும் அதிகாரமே இல்லாதவர் தலையில் விழுந்தது. அணி 75-87 என்று பிரிவில் கடைசியாக முடித்தது. அந்த இருளில் ஒரு வெளிச்சமும் இருந்தது: மயாமியிடமிருந்து பெற்ற ட்ரெவர் ரோஜர்ஸ் 18 ஆட்டங்களில் 1.81 சராசரி. அதற்கும் ஒரு விலை உண்டு. அவருக்காகக் கொடுத்த கைல் ஸ்டோவர்ஸ் அதே ஆண்டு மயாமிக்காக ஆல்-ஸ்டார் ஆனார்.

இப்போது மறுபக்கம். 2025 ஜூனில் பர்ன்ஸுக்கு முழங்கைப் பிணைநார் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1974-ல் முதன்முதலாக அதைச் செய்துகொண்ட பிட்சரின் பெயரால் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை என்று அழைக்கப்படுவது. குணமாக ஓராண்டுக்கு மேல் ஆகும். அரிசோனாவுக்கு அவர் வீசியது பதினொரு ஆட்டங்கள். "பார்த்தீர்களா?" என்று எலியாஸின் ஆதரவாளர்கள் கேட்டார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பால்டிமோரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் வாஷிங்டனில், 2019 கோப்பைக்குப் பிறகு ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு ஏழு ஆண்டுகள், 24.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதன்பின் அவரால் வீச முடிந்தது எட்டே ஆட்டங்கள். ஆனால் அதே வாஷிங்டன் 2015-ல் மேக்ஸ் ஷெர்சருக்கு ஏழு ஆண்டுகள், 21 கோடி கொடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அங்கே இரண்டு முறை வென்றார், அந்தக் கோப்பையும் வந்தது. ஒரே உரிமையாளர், ஒரே மைதானம், ஒரே அளவு துணிச்சல். ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. பலித்த அந்த ஒன்றுக்காக வாஷிங்டன் ரசிகர்கள் இன்றும் நன்றியோடு இருக்கிறார்கள்.

2025-ல் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் பிட்சர் யோஷினோபு யமமோட்டோ செய்ததையும் மறக்க முடியாது. பிட்சர்களிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் அவருடையது: 12 ஆண்டுகள், 32.5 கோடி டாலர். ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி வென்றவர், மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ்களையும் வீசி டாட்ஜர்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

பால்டிமோர் ஏழை ஊர், லாஸ் ஏஞ்சலஸோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஏஞ்சலோஸ் குடும்பம் அணியை வைத்திருந்தவரை அந்தப் பதில் ஓரளவு செல்லுபடியானது. 2016-ல் மட்டையாளர் கிறிஸ் டேவிஸுக்கு ஏழு ஆண்டுகள், 16.1 கோடி டாலர் கொடுத்து, அவர் மட்டை அடியோடு ஓய்ந்துபோன கசப்பும் அந்தக் காலத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி 2037 வரை தவணையாகப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் 2024 மார்ச்சில் கார்லைல் முதலீட்டு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் ரூபன்ஸ்டீன் தலைமையிலான குழு 172.5 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. அவர் பால்டிமோரில் பிறந்தவர், பெரும் கோடீஸ்வரர். மைதானப் பராமரிப்புக்கு மேரிலாந்து மாநிலம் 60 கோடி டாலர் வரை கடன்பத்திரம் திரட்ட அனுமதித்திருக்கிறது. அது பொதுப்பணம். மாநிலத்து மக்கள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள், அணி தன் பங்கைக் கொடுக்கட்டும் என்று அவர்கள் கேட்பதை அடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் ரசிகர்களிடமும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரின் அந்த இரண்டு ஆட்டங்களில் தோற்றது பிட்சர்களால் அல்ல. இரண்டிலும் சேர்த்து விட்டுக்கொடுத்தது மூன்றே ரன், எடுத்தது ஒன்று. மட்டையில்தான் பழுது.

அந்தப் பழுதுக்கு மருந்து 2025 டிசம்பரில் வந்தது. பீட் அலோன்சோவுக்கு ஐந்து ஆண்டுகள், 15.5 கோடி டாலர். பால்டிமோர் உண்மையிலேயே கொண்டாடியது. உரிமையாளரால் செலவு செய்ய முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் அவர் மட்டையாளர். அதே குளிர்காலத்தில் ஃப்ரீ ஏஜென்ட் பிட்சர்களில் முன்வரிசையில் இருந்த டிலன் சீஸ் ஏழு ஆண்டுகள், 21 கோடிக்கு டொரொன்டோவுக்குப் போனார். அதுவும் இதே பிரிவு. ஓரியோல்ஸ் நான்கு இளம் வீரர்களையும் ஒரு புதுமுகத் தேர்வையும் கொடுத்து டாம்பாவிடமிருந்து ஷேன் பாஸைப் பெற்றது. காயத்திலிருந்து மீண்டுவரும் எஃப்லினை மறுபடி ஓராண்டுக்கு, 1 கோடிக்கு அழைத்தது.

அணியின் வரலாற்றில் ஃப்ரீ ஏஜென்ட் பிட்சர் ஒருவருக்குக் கொடுத்த மிகப் பெரிய தொகை, 2014 பிப்ரவரியில் உபால்டோ ஹிமேனெஸுக்கு நான்கு ஆண்டுகளுக்குக் கொடுத்த 5 கோடி டாலர். உரிமையாளர் மாறி, மேலாளர்கள் மாறி, மட்டையாளருக்கு 15 கோடியும் கொடுத்தாயிற்று. அந்த 5 கோடி மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.